கிராண்ட் முடிவு வரும்வரை என்ன செய்வது? வன்னி ஆய்வு மாணவர்களுக்கு

ஆய்வு மானியத்துக்கு, அதாவது கிராண்டுக்கு, விண்ணப்பம் போட்டாயிற்று. சுப்பர்வைசர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, பீடாதிபதி, பதிவாளர் என்று எல்லா வாசலும் ஏறி இறங்கி, கடைசி நாள் இரவு பிடிஎஃப் ஏறாமல் அடம்பிடித்து, ஒருவழியாக ஏறி, விண்ணப்ப இலக்கமும் வந்துவிட்டது. இனி முடிவு வரவேண்டும். வரும் என்று சொன்ன மாதம் வருகிறது, போகிறது, முடிவை மட்டும் காணவில்லை. வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவிலோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகம் இருக்கும் அறிவியல் நகரிலோ இருந்து எம்ஃபில், பிஎச்டி செய்கிறவர்களுக்கும், பேராதனையில் பதிந்துவிட்டு வயல் வேலையை இங்கே வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கட்டம் நன்றாகவே தெரியும். பொறுமையாக இரு என்று எல்லோரும் சொல்வார்கள், எப்படி இருப்பது என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இருக்காது.

நான் சொல்லப்போவதன் சாரம் இதுதான்: காத்திருக்கும் காலத்தில் நீங்கள் இழந்துவிடக்கூடிய பெரிய விஷயம் பருவம். காசை அடுத்த வருடமும் கேட்கலாம், போன ஐப்பசி மழையைத் திரும்பக் கேட்க முடியாது. கொழும்பில் கூடுகிற குழுவுக்கு வன்னியில் மழை எப்போது தொடங்கும் என்ற கவலை இருக்கவேண்டிய அவசியமில்லை. அந்தக் கவலை உங்களுடையது. அதனால் முடிவின் நாட்காட்டியை ஒரு பக்கம் வைத்துவிட்டு வயலின் நாட்காட்டியைப் பார்த்து வேலை செய்யுங்கள்.

உங்கள் கோப்பு இப்போது எங்கே?

பதற்றத்தில் பாதி, கோப்பு எங்கே கிடக்கிறது என்று தெரியாததால் வருகிறது. தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை மாதிரியான இடங்களுக்குப் போகும் விண்ணப்பம் எதுவானாலும் வழி கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் அலுவலகத்தில் தகுதி பார்ப்பார்கள்: படிவம் முழுமையா, கையெழுத்து எல்லாம் இருக்கிறதா, பாதீடு உச்ச எல்லைக்குள் இருக்கிறதா. அதன்பிறகு துறைசார்ந்த மதிப்பீட்டாளர்கள் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார்கள். அவர்களின் புள்ளிகளும் கருத்துகளும் திரும்பி வந்ததும் நிபுணர் குழு ஒன்று கூடும். குழுவின் சிபாரிசு நிர்வாக சபைக்குப் போகும். சபை ஒப்புதல் தந்தால்தான் கடிதம்.

இதில் எங்கே சுணங்கும் என்று கேட்டால், மதிப்பீட்டாளரிடம். அந்த வேலையைச் செய்கிறவர்களும் உங்கள் சுப்பர்வைசர் மாதிரி விரிவுரை, பரீட்சைத் தாள், மூதவைக் கூட்டம் என்று ஓடிக்கொண்டிருக்கிறவர்கள்தான். நாடு சிறியது. வவுனியா நிலத்தடி நீரில் ஃபுளோரைட் என்று ஒரு தலைப்பை எடுத்தால், அதை ஆழமாக மதிப்பிடக்கூடியவர்கள் இலங்கையில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள், அதிலும் உங்கள் சுப்பர்வைசரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர்களைக் கழிக்கவேண்டும், உங்கள் பல்கலைக்கழகத்தவர்களைக் கழிக்கவேண்டும், மிச்சம் இருப்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில், இன்னொருவர் நேரமில்லை என்று ஒரு மாதம் கழித்துத் திருப்பி அனுப்புவார். ஆக, தாமதத்தை வைத்து உங்கள் ஆய்வுத் திட்டம் நல்லதா கெட்டதா என்று ஒரு முடிவுக்கும் வரமுடியாது. நல்ல திட்டமும் அதே வரிசையில்தான் கிடக்கிறது.

இன்னொரு இடம் திறைசேரி. அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. பாதீட்டில் ஒதுக்கினாலும் காசு விடுவிக்கப்படும்போதுதான் நிறுவனம் கடிதம் அனுப்பத் துணியும். நாட்டில் நெருக்கடி என்றால் இந்தப் படியிலேயே எல்லாம் நின்றுவிடும். 2022 பொருளாதார நெருக்கடி அதை எல்லோருக்கும் காட்டியது.

பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே கொடுக்கிற ஆய்வு மானியம் என்றால் பாதை வேறு. ஆராய்ச்சிக் குழு, அப்புறம் மூதவை, அப்புறம் பேரவை. இவை வழக்கமாக மாதம் ஒருமுறை கூடும், ஒரு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைத் தவறவிட்டால் அடுத்த மாதம். கூட்டத் திகதிகளைப் பதிவாளர் கிளையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திகதி வரும்வரை யாரைக் கேட்டும் பிரயோசனமில்லை என்று தெரிந்துவிட்டாலே மனம் கொஞ்சம் அடங்கும்.

வெளிநாட்டுப் புலமைப்பரிசில் என்றால் படிகள் இன்னும் கூட. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலை எடுங்கள்: தூதரகத்தில் முதற்கட்டத் தெரிவு, அதில் வென்றபின் பேராசிரியரிடம் ஏற்புக் கடிதம் வாங்குவது, பிறகு தோக்கியோவில் இரண்டாம் கட்டம். தூதரகம் தெரிவு செய்துவிட்டது என்றதும் ஊரெல்லாம் சொல்லிவிடாதீர்கள், கடைசி முடிவு அதற்குப் பல மாதம் கழித்துத்தான்.

யார் கேட்பது, எப்படிக் கேட்பது

தேசிய மட்டத்து மானியங்களில் பெரும்பாலும் விண்ணப்பதாரர் உங்கள் சுப்பர்வைசர். முதன்மை ஆய்வாளர் அவர். நீங்கள் அந்தத் திட்டத்தில் வேலை செய்யப்போகும் ஆராய்ச்சி உதவியாளர், பெயர்கூட விண்ணப்பத்தில் இல்லாமல் இருக்கலாம். ஆகவே கொழும்புக்கு நீங்கள் கோல் எடுத்தால் அங்கே இருக்கும் அலுவலருக்கு உங்களுக்குப் பதில் சொல்லும் கடமை இல்லை, சொன்னாலும் "சேரைக் கேட்கச் சொல்லுங்கோ" என்றுதான் வரும். சேரோ மிஸ்ஸோ கேட்கவேண்டும். அவர்களைக் கேட்க வைப்பது உங்கள் வேலை, அதற்குச் சுலபமான வழி, மின்னஞ்சலை நீங்களே எழுதி அவர்கள் பார்த்து அனுப்பினால் போதும் என்ற நிலையில் கொடுப்பது.

அறிவித்த திகதி கடந்து இரண்டு வாரமாவது விடுங்கள். அதற்கு முன் கேட்பது அலுவலரின் வேலையைக் கூட்டுவதுதான். பொருள் வரியில் விண்ணப்ப இலக்கம் கட்டாயம் இருக்கவேண்டும். உள்ளே இவ்வளவு போதும்:

"வணக்கம். மேலே குறிப்பிட்ட இலக்கமுடைய விண்ணப்பத்தின் முதன்மை ஆய்வாளர் நான். முடிவு ஓகஸ்ட் மாதம் அறிவிக்கப்படும் என்று அழைப்பில் குறிப்பிடப்பட்டிருந்தது. எங்கள் வயல் வேலை ஒக்டோபர் மழையோடு தொடங்கவேண்டியிருப்பதால், முடிவை எப்போது எதிர்பார்க்கலாம் என்று அறியத்தந்தால் உதவியாக இருக்கும். மேலதிக ஆவணங்கள் தேவைப்பட்டால் உடன் அனுப்பிவைக்கிறோம்."

கெஞ்சல் இல்லை, முறைப்பாடு இல்லை, எங்கள் மாணவி மிகவும் கஷ்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளை என்ற கதையும் இல்லை. மழை பற்றிய அந்த ஒரு வரி முக்கியம், ஏனென்றால் அது அலுவலர் குழுவுக்கு எடுத்துச்சொல்லக்கூடிய ஒரு காரணம். பதில் வராவிட்டால் மூன்று நான்கு வாரம் கழித்து அதே மின்னஞ்சலுக்குக் கீழே ஒரு வரி. அதற்கும் பதில் இல்லையென்றால் தொலைபேசி, அதுவும் காலை பத்து பத்தரைக்கு. தெரிந்தவரைப் பிடித்து உள்ளே விசாரிப்பது நம்மூரில் எல்லாவற்றுக்கும் செய்கிற காரியம்தான், இதில் வேண்டாம். அந்தத் தெரிந்தவர் குழுவில் இருந்தால் உங்கள் விண்ணப்பம் பேசப்படும்போது அவர் எழுந்து வெளியே போகவேண்டி வரும், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரு நல்ல வார்த்தையும் அவரோடு வெளியே போய்விடும்.

குறி பார்ப்பதை நிறுத்துங்கள்

இணையத்தளத்தில் "பரிசீலனையில்" என்று இருந்தது "செயன்முறையில்" என்று மாறிவிட்டது, என்ன அர்த்தம்? ஒரு அர்த்தமும் இல்லை, யாரோ ஒரு பொத்தானை அமத்தியிருக்கிறார்கள். ருஹுணுப் பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கு மெயில் வந்துவிட்டதாம், நமக்கு வரவில்லை, அப்படியென்றால்? துறை துறையாகக் குழு கூடுகிறது, உங்கள் துறைக் குழு இன்னும் கூடவில்லை என்பதாகவும் இருக்கலாம். வட்ஸ்அப் குழுவில் ஒருவர் "இந்தக் கிழமை வருமாம்" என்று போட்டால் அந்த "ஆம்" யாருடையது என்று கேளுங்கள், அநேகமாக ஆள் இருக்காது.

இந்த வியாதி நமக்கு மட்டும் வந்ததென்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம் பட்டப்பின் ஆய்வு மாணவர்களுக்கென்று 1952இல் இருந்து ஒரு உதவித்தொகை கொடுக்கிறது, ஜிஆர்எஃப்பி என்பார்கள். மூன்று வருடத்துக்கு, வருடம் 37,000 டொலர். முடிவு வழக்கமாக ஏப்ரல் தொடக்கத்தில் வரும். மார்ச் பிறந்ததும் அங்கே பிள்ளைகள் நித்திரை இல்லாமல் இணையத்தளத்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். 2025இல் ஏப்ரலில் 1,000 பேருக்குத்தான் கொடுத்தார்கள், கிடைக்காதவர்கள் அழுது முடித்து வேறு வழி பார்க்கத் தொடங்கிய நேரத்தில் ஜூனில் இன்னும் 500 பேரைச் சேர்த்தார்கள். ஏப்ரலில் எந்தக் குறியை எப்படிப் பார்த்திருந்தாலும் அந்த ஜூனைக் கண்டுபிடித்திருக்க முடியாது. (அது அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்கு மட்டும், நாங்கள் விண்ணப்பிக்க முடியாது. கனடாவில் இருந்து மாமா யாராவது "அதுக்குப் போடன்" என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.)

ஆகவே செய்யவேண்டியது: நாளுக்கு ஒருமுறை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இன்பொக்ஸையும் ஸ்பாமையும் பாருங்கள். அந்த நிறுவனத்தின் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்தால் மெயில் ஸ்பாமுக்குள் விழும் வாய்ப்புக் குறையும். பல்கலைக்கழக மின்னஞ்சல் பெட்டி நிரம்பியிருந்தால் இப்போதே காலி செய்யுங்கள், நிரம்பிய பெட்டிக்கு வந்த மெயில் திரும்பிப் போய்விடும்.

தபாலை மறக்கவேண்டாம். சில கடிதங்கள் இன்றும் பதிவுத் தபாலில்தான் வருகின்றன. மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ வீட்டு முகவரி கொடுத்திருந்தால், அரிவி வெட்டுக் காலத்தில் வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள், தபால்காரர் படலையில் நின்று பெல் அடித்துவிட்டு ஒரு துண்டை வைத்துவிட்டுப் போவார், அந்தத் துண்டு காற்றோடு போகும். உபதபாலகத்தில் ஒருமுறை நேரில் போய்ச் சொல்லி வையுங்கள். இல்லையென்றால் தொடக்கத்திலேயே துறை முகவரியைக் கொடுப்பது நல்லது.

வயல் காத்திருக்காது

இனி விஷயத்துக்கு வருவோம். வன்னியில் காலபோக நெற்செய்கை வடகீழ்ப் பருவமழையை நம்பி ஒக்டோபர் அளவில் தொடங்குகிறது, தை பிறந்து மாசி பங்குனிக்குள் வெட்டு முடிகிறது. சிறுபோகம் குளத்து நீரைப் பொறுத்தது, இரணைமடுக் குளத்தின் கீழே எத்தனை ஏக்கர் செய்வது என்று கூட்டம் வைத்து முடிவெடுப்பார்கள், வருடத்துக்கு வருடம் அது மாறும். உங்கள் ஆய்வு நெல்லானால், மண்ணானால், கிணற்று நீரானால், நந்திக்கடல் களப்பின் இறாலானால்கூட, இந்தத் தாளத்துக்குள்தான் வரும். முடிவு மார்கழியில் வந்தால் விதைப்பு முடிந்திருக்கும். மழைக்கு முந்திய மாதிரி இல்லாமல் மழைக்குப் பிந்திய மாதிரியை வைத்து என்ன ஒப்பிடுவது? ஒரு வருடம் போயிற்று. எம்ஃபில் பதிவு இரண்டு வருடம் என்றால் அதில் பாதி.

அதனால் காசு வருமோ வராதோ, மழைக்கு முந்திய அடிப்படைத் தரவை இப்போதே எடுங்கள். சின்ன அளவில். விண்ணப்பத்தில் 60 கிணறு எழுதியிருந்தால் மோட்டார் சைக்கிளில் ஒரு நாளில் போய் வரக்கூடிய பத்துக் கிணறு போதும். பிஎச் மீற்றரும் மின்கடத்துதிறன் மீற்றரும் துறையில் இருக்கும், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரிடம் மரியாதையாகக் கேட்டு, புத்தகத்தில் எழுதிவிட்டு எடுங்கள். ஃபுளோரைட் பார்க்கப்போகும் நீரை பிளாஸ்ரிக் போத்தலில் எடுங்கள், கண்ணாடி ஃபுளோரைட்டோடு தாக்கமடையும். நைத்திரேற்று பார்ப்பதென்றால் ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் முடிக்கவேண்டும், அதற்கு வசதி இல்லையென்றால் இந்த முறை நைத்திரேற்றை விடுங்கள், அரைகுறையாக எடுத்த இலக்கத்தைப் பிறகு எந்த மதிப்பீட்டாளரும் ஏற்கமாட்டார். மண் இன்னும் சுகம். எடுத்த மண்ணை நிழலில் காற்றாட உலர்த்தி, 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்து, லேபிள் போட்டுக் கட்டி வைத்தால் பிஎச், சேதனக் காபன், பொசுபரசு எல்லாவற்றையும் காசு வந்தபிறகு பார்க்கலாம். நுண்ணுயிர் பார்க்கிறவர்களுக்கு இது சரிவராது. லேபிளைப் பென்சிலால் எழுதி பைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மார்க்கர் பேனை அழியும், ஈரத்தில் கட்டாயம் அழியும்.

இடம் தெரியாமல் மண் தோண்டப் போகவேண்டாம். முகமாலைப் பக்கமும் இன்னும் சில இடங்களிலும் மிதிவெடி அகற்றும் வேலை யுத்தம் முடிந்து பல வருடம் கழித்தும் நடந்தது. நீங்கள் போகும் காணி விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடமும், மிதிவெடி வேலையை ஒருங்கிணைக்கும் கிளிநொச்சி அலுவலகத்திலும் கேட்டுவிட்டே போங்கள். ஊர்க்காரர் மாடு கட்டுகிற இடத்தில் பயமில்லை என்று நினைப்பதும் சரியான அளவுகோல் கிடையாது.

அனுமதிகளை எடுக்கவும் இதுதான் நேரம். காட்டுக்குள் வேலை என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம், விலங்கு பறவை என்றால் வனசீவராசிகள் திணைக்களம், குளத்தில் கருவி வைப்பதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், ஆட்களிடம் கேள்வி கேட்பதென்றால் ஒழுக்கநெறிக் குழு. இவை ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் எடுக்கும். கிராண்ட் கிடைத்தபிறகுதான் இவற்றைத் தொடங்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படிச் செய்தால் முதல் தவணைக் காசு வங்கியில் கிடக்க நீங்கள் அனுமதிக்கு அலைவீர்கள், வருட முடிவில் ஏன் செலவழிக்கவில்லை என்று நிதியாளர் கிளை கேட்கும்.

சனத்திடம் போகும்போது ஒன்றைச் சொல்லாதீர்கள்

காசு வரப்போகிறது என்று. சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் இது வன்னியில் மிகவும் பாரதூரமான விஷயம், கொஞ்சம் நின்று பேசவேண்டும். 2009இல் யுத்தம் முடிந்தபிறகு இந்தச் சனம் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. வீட்டுத்திட்டம், வாழ்வாதாரம், கிணறு, மாடு, தையல் மெசின், அதற்குமேல் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வு. விசுவமடுப் பக்கம் ஒரு அம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னது: "தம்பி, போனமுறை வந்தவையும் இப்பிடித்தான் எழுதிக்கொண்டு போனவை. தண்ணியில என்ன இருக்கெண்டு இண்டைக்கும் எங்களுக்குத் தெரியாது." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, குசினிக்குள் போய்க்கொண்டே சொன்னார்.

நீங்கள் "இதுக்குப் பெரிய நிதி வரப்போகுது" என்று ஒரு வார்த்தை விட்டால் அது கிணறு சுத்திகரிப்பாகவும் குழாய்த் தண்ணீராகவும் ஊருக்குள் வளர்ந்துவிடும். உங்கள் கிராண்ட் உங்கள் உதவித்தொகைக்கும் இரசாயனத்துக்கும் பயணத்துக்குமே காணாது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே சொல்லவேண்டியது இவ்வளவுதான்: நான் படிப்புக்காகச் செய்கிறேன், உங்கள் கிணற்றின் அளவீட்டை உங்களுக்கு எழுதித் தருவேன், அதற்குமேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு அந்த அளவீட்டை உண்மையாகவே எழுதிக் கொடுங்கள். ஒரு ஏஃபோர் தாளில் தமிழில், பிஎச் இவ்வளவு, உப்புத்தன்மை இவ்வளவு, குடிக்கிற நீருக்கு இருக்கவேண்டிய அளவு இவ்வளவு. அதற்கு கிராண்ட் தேவையில்லை. அடுத்தமுறை அதே வீட்டுக்குப் போகும்போது படலை தானாகத் திறக்கும், முழுத்திட்டம் தொடங்கும்போது உங்களுக்கு அதுதான் பெரிய பலம்.

காசு

வரப்போகும் காசை நம்பிக் கடன் எடுக்காதீர்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து மீற்றர் வாங்குவது, நுண்கடன் எடுத்து லப்டொப் வாங்குவது, இரண்டும் வேண்டாம். நுண்கடன் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்பதை இங்கே பார்க்காத குடும்பம் குறைவு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், "கிடைத்துவிட்டது" என்ற கடிதம் வந்த நாளிலும் காசு வராது. உடன்படிக்கை எழுதவேண்டும், துணைவேந்தர் கையெழுத்து, காசு பல்கலைக்கழகக் கணக்குக்கு வரவேண்டும், திட்டத்துக்குத் தனிக் கணக்குத் தலைப்புத் திறக்கவேண்டும், ஆராய்ச்சி உதவியாளர் பதவிக்கு விளம்பரம், நேர்முகம், நியமனக் கடிதம். அந்தப் பதவி உங்களுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் நேர்முகம் நடக்கத்தான் வேண்டும். முதல் மாத உதவித்தொகை கையில் வர, கடிதத்தில் இருந்து சில மாதம் பிடிக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். உபகரணம் வாங்குவதற்குப் பெறுகை நடைமுறை தனியாக ஓடும்.

அதுவரை என்ன செய்வது? ஏஎல் பிள்ளைகளுக்கு ரியூசன், துறையில் தற்காலிக செய்முறை விளக்குநர் வேலை, யாராவது ஒரு நிறுவனத்துக்குத் தரவு சேகரிக்கும் குறுங்கால வேலை. எல்லாம் நல்லது. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் மானியத்தின் நிபந்தனைகளை இன்னொருமுறை வாசியுங்கள், முழுநேரமாக இருக்கவேண்டும், வேறு சம்பளம் வாங்கக்கூடாது என்று இருக்கக்கூடும். அப்படியென்றால் எந்த நாளில் விடுபட முடியும் என்பதை வேலை எடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

பாதீட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விண்ணப்பம் போட்டபோது வாங்கிய கொட்டேசனின் செல்லுபடிக் காலம் எப்போதோ முடிந்திருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது, அந்தக் காலத்தில் விண்ணப்பித்தவர்கள் ஐந்து போத்தல் இரசாயனத்துக்கு எழுதிய காசில் மூன்றுகூட வாங்க முடியாமல் போனது. புதிய விலைகளைக் கேட்டு வைத்திருந்தால், முடிவு சாதகமாக வரும்போது எதைக் குறைப்பது, எதை விடவே முடியாது என்று அன்றைக்கே சொல்லலாம்.

வீடு

"என்ன பிள்ளை, அந்தக் காசு விஷயம் என்ன மாதிரி?" என்று அம்மா கேட்பார். கலியாண வீட்டில் சித்தி "இன்னும் படிக்கிறியோ?" என்பார். முன்வீட்டு அண்ணா "எங்கட தம்பி மூண்டு வருஷத்தில பாங்க் மனேஜர்" என்பார், கேட்காமலே. இவர்களுக்கு மதிப்பீட்டுக் குழு, நிர்வாக சபை எல்லாம் விளக்கத் தேவையில்லை. வீட்டில் ஒருவருக்கு மட்டும் உண்மையை முழுதாகச் சொல்லுங்கள், இன்ன மாதத்துக்கு முன் எதுவும் தெரியாது என்று. மற்றவர்களின் கேள்விக்கு அவர் பதில் சொல்லட்டும். சித்திக்கு "ஓம் சித்தி, இன்னும் கொஞ்சம்" போதும்.

நேர்த்தி வைப்பவர்கள் வையுங்கள். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது இறங்கித் தேங்காய் ஒன்று உடைத்துவிட்டு, ஒரு சுருள் கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறினால் மனம் இலேசாகும் என்பதற்கு எந்த மதிப்பீட்டாளரின் ஒப்புதலும் தேவையில்லை.

ஆனால் நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல், ஆய்வுகூடத்துக்குப் போகவே மனமில்லாமல் கிழமைக்கணக்கில் இருந்தால் அது வேறு விஷயம். மாணவர் ஆலோசகரிடம் போங்கள், அல்லது 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். வவுனியா, கிளிநொச்சி வைத்தியசாலைகளிலும் கேட்கலாம். யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம்.

கடிதம் வந்தால்

கிடைத்திருந்தால்: முதலில் எந்தத் திகதிக்குள் ஏற்பைத் தெரிவிக்கவேண்டும் என்று பாருங்கள், அதைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு. அடுத்து திட்டம் தொடங்கும் திகதி. பங்குனியில் தொடங்கி ஒரு வருடம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஒரேயொரு காலபோகம், அதன் வெட்டு முடிகிற நேரத்தில் இறுதி அறிக்கை கேட்பார்கள். தொடக்கத் திகதியைத் தள்ளிவைக்கலாமா என்று உடன்படிக்கை எழுதுமுன் கேளுங்கள், எழுதியபிறகு கேட்பது கால நீடிப்பு, அதற்கு வேறு படிவம், வேறு குழு. முகநூலில் போடுவதைக் கையெழுத்து முடியும்வரை தள்ளிவைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

காத்திருப்புப் பட்டியல் என்றால்: ஆம், தொடர்ந்து விருப்பம் உண்டு என்று அன்றைக்கே பதில் போடுங்கள். பலர் மனம் விட்டு அப்படியே இருந்துவிடுவார்கள், இடம் ஒன்று காலியாகும்போது பதில் போட்டவருக்குத்தான் அழைப்பு வரும்.

இல்லை என்றால்: இரண்டு நாள் எதையும் செய்யாதீர்கள். மூன்றாம் நாள் மதிப்பீட்டாளர்களின் கருத்துகளைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடச் சுப்பர்வைசரிடம் சொல்லுங்கள், தானாக அனுப்பாவிட்டாலும் கேட்டால் தருகிற இடங்கள் உண்டு. வந்ததைச் சுப்பர்வைசரோடு உட்கார்ந்து இரண்டாகப் பிரியுங்கள்: உண்மையாகவே திருத்தவேண்டியவை, மதிப்பீட்டாளர் வாசிக்காமல் எழுதியவை. இரண்டாவது வகையும் உங்களுக்கு வேலை வைக்கும், ஏனென்றால் அவர் கண்ணில் படாதது உங்கள் எழுத்தில் எங்கோ புதைந்து கிடந்திருக்கிறது. நம் பக்கத்து விண்ணப்பங்களுக்கு அடிக்கடி வரும் ஒரு கேள்வி, ஏன் வவுனியா மட்டும், ஏன் ஒரு மாவட்டம் மட்டும் என்பது. போக்குவரத்துக்கு வசதி என்ற பதில் எடுபடாது. இங்கே நிலத்தடி நீரை விட்டால் குடிநீருக்கு வேறு வழி இல்லாத கிராமங்கள் எவை, சிறுநீரக நோயாளர் எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் கூட, மற்ற மாவட்டங்களில் செய்யப்பட்டு இங்கே செய்யப்படாத அளவீடு எது என்று தரவோடு எழுதவேண்டும். மழைக்கு முன் எடுத்த அந்தப் பத்துக் கிணறு இங்கேதான் உதவும். முன்னோடித் தரவு என்று ஒரு அட்டவணை போட்டுவிட்டால் விண்ணப்பத்தின் நிறமே மாறிவிடும்.

அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று பார்த்து, பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், பழைய கடிதத்தையே திகதி மாற்றி அனுப்பவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தலைப்பையோ சுப்பர்வைசரையோ மாற்றுவதாக இருந்தால் உங்கள் பதிவிலும் அதை மாற்றவேண்டும், அதற்கு உயர் பட்டப்படிப்புப் பீடத்தின் ஒப்புதல் வேண்டும், ஆகவே புதிய விண்ணப்பம் போடுவதற்கு முன் அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.